ரிவர்ஸ் சென்சார் வாய் திறக்கவில்லையா, ஓயாமல் கத்துகிறதா: கடைக்குப் போகும் முன் வீட்டு வாசலிலேயே பார்க்க வேண்டியவை

புதிதாகக் கார் ஓட்டுகிறவர்கள், அதிலும் வட சென்னையில் வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை, காசிமேடு மாதிரி ஒரு பக்கம் வீட்டுப் படி, இன்னொரு பக்கம் வரிசையாக பைக் என்று இருக்கும் தெருக்களில் ஓட்டுகிறவர்கள், பின்பக்க பார்க்கிங் சென்சாரை ரொம்பவே நம்பித்தான் ரிவர்ஸ் எடுக்கிறார்கள். அது ஒரு நாள் சத்தமே போடாமல் நின்றாலோ, பின்னால் ஒன்றுமே இல்லாதபோது விடாமல் கத்தினாலோ நேராகக் கடைக்குப் போய் "செட்டையே மாத்திடுங்கண்ணே" என்று சொல்லிவிடுகிறார்கள். பல நேரம் கோளாறு சென்சாரில் இருப்பதே இல்லை. கப்ளரில் (ஒயர்களை இணைக்கும் பிளக்கில்) ஏறிய உப்பு, பம்பர் வேலையின்போது பெயின்டர் கனமாக அடித்த பெயின்ட், எலி கடித்த ஒயர், எரிந்த ஃபியூஸ் என்று வேறு எங்கேயோ இருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் புது செட் போட்டால் புதுசும் சில மாதத்தில் அதே மாதிரி நின்றுவிடும். எந்த வரிசையில் பார்த்தால் காசும் நேரமும் வீணாகாது என்று சொல்கிறேன்.

முதலில் அது என்ன செய்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள், மற்றதெல்லாம் அதிலிருந்தே புரியும். பம்பரில் தெரியும் அந்த வட்டத்தின் முகம் ஒரு மெல்லிய உலோகத் தகடு, அதன் பின்னால் ஒட்டியிருப்பது பீசோ வில்லை. மின்சாரம் கொடுத்தால் அது அதிரும், நம் காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பும். மனிதக் காது அதிகபட்சம் 20 கிலோஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும், இந்த சென்சார்கள் பெரும்பாலும் 40 கிலோஹெர்ட்ஸை ஒட்டியோ அதற்குச் சற்று மேலேயோ வேலை செய்பவை. அனுப்பிய ஒலி சுவரில் பட்டுத் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆனது என்று டிக்கிக்குள் இருக்கும் கன்ட்ரோல் பாக்ஸ் கணக்குப் போடுகிறது. நம்ம ஊர் வெயிலில் ஒலி நொடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும், அதனால் ஒரு மீட்டர் தள்ளி இருக்கும் சுவரிலிருந்து எதிரொலி ஆறு மில்லி நொடிக்குள் வந்துவிடும். அனுப்புவதும் கேட்பதும் அதே தகடுதான் என்பதால் அதில் ஒரு சிக்கலும் உண்டு. கோவில் மணியை அடித்தால் அதிர்வு அடங்கும்வரை பக்கத்தில் நிற்பவர் மெதுவாகப் பேசுவது காதில் விழாது அல்லவா, அதே மாதிரி தகட்டின் அதிர்வு அடங்கும் முன்பே திரும்பி வந்துவிடும் எதிரொலியை சென்சாரால் பிரித்துக் கேட்க முடியாது. ரொம்பப் பக்கத்தில், 20 அல்லது 30 சென்டிமீட்டருக்குள் இருக்கும் பொருளை அது தவறவிடுவது இதனால்தான். அது பழுது இல்லை.

உங்கள் வண்டியில் இருப்பது கம்பெனியிலேயே வந்ததா, வெளியில் மாட்டியதா என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2019 ஜூலை 1 முதல் இந்தியாவில் தயாராகும் பயணிகள் கார்கள் எல்லாவற்றிலும் பின்பக்க பார்க்கிங் எச்சரிக்கை கட்டாயம், ஆகவே அதற்குப் பிந்தைய காரில் பெரும்பாலும் கம்பெனி சென்சார்தான் இருக்கும். பழைய காரில் இருந்தால் பெரும்பாலும் யாரோ பம்பரில் ஓட்டை போட்டு மாட்டியதாக இருக்கும், அதற்கு மின்சாரம் ரிவர்ஸ் லைட் ஒயரிலிருந்து எடுத்திருப்பார்கள். வாரன்டி முடியாத கம்பெனி காராக இருந்தால் கீழே நான் சொல்வதில் துடைப்பது, காதால் கேட்பது, ஃபியூஸ் பார்ப்பது ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒயரில் கை வைத்தால் வாரன்டி தர மறுக்க அதுவே காரணமாகிவிடும்.

பாதுகாப்பு

சென்சாரைச் சோதிக்க வண்டி ரிவர்ஸ் கியரில் இருக்க வேண்டும், நீங்களோ வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். இதில் விளையாட்டே கூடாது. சமதளமான இடத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ஹேண்ட்பிரேக் முழுக்க இழுத்து, பின்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் செங்கல் வையுங்கள். அப்புறம் சாவியை எஞ்சின் ஓடாத 'ஆன்' நிலைக்கு மட்டும் திருப்பி ரிவர்ஸ் கியர் போடுங்கள். ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் இன்னும் கவனம் தேவை. 'ஆர்' நிலையில் சக்கரம் பூட்டியிருக்காது, வண்டியைப் பிடித்து வைத்திருப்பது ஹேண்ட்பிரேக்கும் செங்கலும்தான். சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் வராமல் பார்த்துக்கொள்ள வீட்டில் ஒருவரை நிறுத்துங்கள்.

துடைத்துப் பாருங்கள், ஆனால் சரியாகத் துடையுங்கள்

இதை எல்லோரும் சொல்வார்கள், வட சென்னையில் இதற்குக் கூடுதல் காரணம் இருக்கிறது. திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் கடல்காற்றில் வரும் உப்பும் ட்ரெய்லர் லாரி கிளப்பும் புழுதியும் சேர்ந்து பம்பரில் ஒரு படலமாகக் காய்ந்து நிற்கும், வெறும் துணியால் துடைத்தால் போகாது. முதலில் தண்ணீர் ஊற்றி ஊறவிடுங்கள், பிறகு கார் ஷாம்பு தொட்ட மெல்லிய துணியால் துடையுங்கள். தின்னர், பெட்ரோல், கத்தி, இரும்பு நார் எதுவும் வேண்டாம். சென்சாரின் முகத்துக்கும் அதைச் சுற்றியுள்ள வளையத்துக்கும் நடுவே மயிரிழை அளவு இடைவெளி இருக்கும், அதற்குள் காய்ந்த சேறு அடைத்துக்கொண்டால் தகடு தாராளமாக அதிர முடியாது, அதைப் பழைய டூத்பிரஷ்ஷால் எடுங்கள். வாட்டர் வாஷ் கொடுக்கும்போது பிரஷர் துப்பாக்கியை சென்சாருக்கு நெருக்கமாகக் காட்ட வேண்டாம் என்று பையனிடம் சொல்லிவிடுங்கள், தண்ணீர் உள்ளே புகுந்து கப்ளரைக் கெடுக்கும்.

ஆயுத பூஜை முடிந்த வாரத்தில் வரும் கோளாறு ஒன்று உண்டு. அன்பாகச் சந்தனம் குழைத்து வண்டி முழுக்கப் பொட்டு வைக்கும்போது சென்சார் மேலேயும் ஒன்று விழுந்துவிடும், அது காய்ந்து கெட்டியாகி சென்சாரை முடக்கும், இல்லையென்றால் பின்னால் கட்டிய மாலையின் நூல் அதன் முன்னால் தொங்கும். பூஜையை நிறைவாகச் செய்யுங்கள், பொட்டை மட்டும் பம்பரில் நாலு விரல் தள்ளி வையுங்கள்.

எந்த சென்சார் உயிரோடு இருக்கிறது?

இந்தச் சோதனைக்குக் கருவியே வேண்டாம். ரிவர்ஸ் கியர் போட்ட நிலையில் ஒவ்வொரு சென்சாராகக் காதைப் பக்கத்தில் கொண்டுபோங்கள். நல்ல சென்சாரிலிருந்து மெல்லிய 'டிக் டிக் டிக்' கேட்கும், 40 கிலோஹெர்ட்ஸ் ஒலி நமக்குக் கேட்காவிட்டாலும் அது விட்டு விட்டு அடிப்பது சின்ன டிக் சத்தமாக வரும். பகலில் தெரு இரைச்சலில் இது எடுபடாது, விடியற்காலையில் செய்யுங்கள். அப்போதும் கேட்காவிட்டால் விரல் நுனியை மெதுவாகத் தகட்டின்மேல் வையுங்கள், எறும்பு ஊர்கிற அளவுக்கு ஒரு துடிப்பு தெரியும். மூன்றில் துடிப்பு இருந்து நான்காவதில் இல்லையென்றால் சந்தேகம் அந்த ஒன்றின்மேல். நான்கிலும் இல்லையென்றால் நான்கும் ஒரே நாளில் செத்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு, பெரும்பாலும் மின்சாரம்தான் வரவில்லை.

எதுவுமே சத்தம் வராதபோது

டாஷ்போர்டில் பார்க்கிங் சென்சாரை அணைக்கும் பட்டன் உள்ள வண்டிகள் இருக்கின்றன, யாராவது தெரியாமல் அழுத்தியிருக்கலாம். சில வண்டிகளில் பீப் சத்தத்தின் அளவை டச் ஸ்கிரீனுக்குள்ளேயே குறைத்து வைக்கலாம். இதைப் பார்க்காமல் பம்பரைக் கழற்ற வேண்டாம்.

அடுத்து ரிவர்ஸ் லைட். வெளியில் மாட்டிய செட்டுக்கு இதுதான் முக்கியமான துப்பு. ரிவர்ஸ் போட்டதும் பின்னால் வெள்ளை விளக்கு எரிகிறதா என்று சுவரில் விழும் வெளிச்சத்தைப் பாருங்கள். பல்பு மட்டும் போயிருந்தால் சென்சார் நிற்காது, ஏனென்றால் இரண்டும் ஒரே ஒயரிலிருந்து தனித்தனியாகப் பிரிந்து போகின்றன. விளக்கும் இல்லை, சென்சாரும் இல்லை என்றால் பிரச்சினை அவை பிரிவதற்கு முன்னால் இருக்கிறது: ஃபியூஸ், அல்லது கியர் பாக்ஸில் மாட்டியிருக்கும் ரிவர்ஸ் சுவிட்ச், அல்லது நடுவில் அறுந்த ஒயர். எந்த ஃபியூஸ் என்பது ஃபியூஸ் பாக்ஸ் மூடியின் உட்பக்கத்திலோ கையேட்டிலோ இருக்கும். எரிந்திருந்தால் அதே ஆம்பியர் ஃபியூஸ் மட்டும் போடுங்கள். அதுவும் உடனே எரிந்தால் எங்கேயோ ஒயர் பாடியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. பெரிய ஆம்பியர் போட்டு அதைச் சமாளிக்கப் பார்ப்பது வண்டியையே கொளுத்துகிற வேலை, தயவுசெய்து செய்யாதீர்கள்.

விளக்கு எரிந்தும் சென்சார் மௌனம் என்றால் டிக்கியின் பக்கவாட்டுத் தகட்டை விலக்கி, கன்ட்ரோல் பாக்ஸைத் தேடுங்கள். ரிச்சி தெருவில் கிடைக்கும் சாதாரண மல்டிமீட்டர் போதும். டிசி வோல்ட்டில் வைத்து, பாக்ஸுக்குப் போகும் சிவப்பு, கறுப்பு ஒயர்களில் பாருங்கள், எஞ்சின் ஓடாமல் சுமார் 12 வோல்ட் வர வேண்டும். வரவில்லையா? மீட்டரின் கறுப்பு முனையை எடுத்து பாடியில் பெயின்ட் இல்லாத, துருவில்லாத ஒரு போல்ட்டில் வைத்துத் திரும்பப் பாருங்கள். இப்போது 12 காட்டினால் சிவப்பு ஒயர் நன்றாக இருக்கிறது, எர்த்தான் (கறுப்பு ஒயர் பாடியில் சேரும் இணைப்பு) போய்விட்டது. கடலோரப் பகுதியில் இந்த எர்த் ஸ்க்ரூ துருப்பிடிப்பது சர்வசாதாரணம். கழற்றி, தகரம் பளபளக்கும்வரை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவினால் சரி. 12 வோல்ட்டும் எர்த்தும் ஒழுங்காக வந்தும் பாக்ஸ் அசையவில்லை, சென்சார் ஒன்றும் துடிக்கவில்லை என்றால் பாக்ஸ்தான். சென்சார்கள் துடித்து, சத்தம் மட்டும் இல்லையென்றால் பீப் அடிக்கும் பஸ்ஸரையும் அதற்குப் போகும் ஒயரையும் பாருங்கள்.

கம்பெனி காரில் ரிவர்ஸ் போட்டதும் வழக்கமான சின்ன பீப்புக்குப் பதிலாக நீளமான ஒரு பீப் வந்து அடங்கினால் அது பெரும்பாலும் 'எனக்கு உடம்பு சரியில்லை' என்கிற அறிவிப்பு, தடை இருப்பதைச் சொல்வதில்லை. வண்டிக்கு வண்டி இது மாறும், கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்றுமில்லாத இடத்தில் ஓயாமல் கத்தினால்

இந்தப் புகாரில்தான் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். பின்னால் குறைந்தது மூன்று மீட்டருக்கு ஒன்றுமே இல்லாத, சமமான இடத்துக்கு வண்டியைக் கொண்டுபோய்ப் பாருங்கள். அங்கே அமைதியாக இருந்தால் சென்சார் நல்ல சென்சார்தான், உங்கள் வாசலில் எதையோ உண்மையாகவே பார்த்துத்தான் கத்துகிறது. மழைத் தண்ணீர் உள்ளே வராமலிருக்க நம்ம பக்கம் வீட்டுத் தரையை ஏற்றி ஏற்றிக் கட்டி, வாசலில் செங்குத்தாகச் சாய்தளம் போட்டிருக்கிறோம். தெருவிலிருந்து பின்புறமாக அதில் ஏறும்போது சாய்தளமே சென்சார் கண்ணுக்குச் சுவராகத் தெரியும். அதற்கு மருந்து கிடையாது, பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

வெட்டவெளியிலும் கத்தினால் பம்பரை உற்றுப் பாருங்கள். லேசாக இடிபட்டு சென்சார் ஒரு மில்லிமீட்டர் உள்ளே போயிருந்தாலும், கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தாலும் அது தரையைப் பார்த்து பீப் அடிக்கும். முனை மடங்கிய நம்பர் பிளேட், பின்னால் மாட்டிய குழாய் கார்டு, சைக்கிள் ஸ்டாண்ட், இவையும் அதே வேலையைச் செய்யும். டிக்கியில் அரிசி மூட்டையோ மீன் பெட்டியோ கல்யாணச் சாமானோ ஏற்றிய அன்று மட்டும் கத்துகிறது என்றால் பின்பக்கம் தாழ்ந்து சென்சார்கள் தரையை நோக்கிவிட்டன, சாமானை இறக்கியதும் சரியாகிவிடும். பின்னால் பாரமே இல்லாமல் வண்டி தாழ்ந்து நின்றால் ஸ்பிரிங்கைக் காட்டுங்கள், அது வேறு வைத்தியம்.

டிங்கரிங் முடிந்து வந்த வண்டியில் கோளாறு தொடங்கியிருந்தால் சந்தேகமே வேண்டாம், முதலில் பெயின்ட்டைப் பாருங்கள். சென்சாரைக் கழற்றாமல் அப்படியே பம்பரோடு சேர்த்து ப்ரைமர், கலர், லாக்கர் என்று அடித்துவிட்டால் தகடு கனமாகிவிடும், எதிரொலியையும் அதன் சொந்த அதிர்வையும் குழப்பிக்கொள்ளும். அடுத்த முறை வண்டியை விடும்போதே "சென்சாரைக் கழட்டிட்டு அடிங்க" என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். கழற்றித் திரும்ப மாட்டும்போது தலைகீழாக மாட்டிவிடுவதும் நடக்கும். பல சென்சார்களின் முதுகில் மேல்பக்கத்தைக் காட்டும் அம்புக்குறி இருக்கும், சுற்றியுள்ள ரப்பர் வளையமும் தவறாமல் திரும்ப உட்கார வேண்டும். அந்த ரப்பர் இல்லையென்றால் சென்சாரின் அதிர்வு பம்பருக்கே பாய்ந்து, அதுவே எதிரொலி போலத் திரும்பி வரும்.

எப்போதாவது மட்டும் கத்தினால்

அடைமழையில், பலத்த காற்றில் சில பொய் பீப் வரும், விடுங்கள். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு ரிவர்ஸ் எடுக்கும்போது பக்கத்து ட்ரெய்லர் ஏர் பிரேக்கை 'புஸ்' என்று விட்டால் சென்சார் பதறும், அந்தக் காற்றுச் சத்தத்தில் நம் காதுக்கு எட்டாத ஒலியும் நிறைய இருக்கிறது. பக்கத்திலேயே இன்னொரு காரும் ரிவர்ஸ் எடுத்தால் இரண்டு சென்சார்களும் ஒன்றையொன்று குழப்பலாம். இவையெல்லாம் சில நொடியில் போய்விடும்.

மழைக்காலம் தொடங்கியதும் வந்து வெயில் அடித்ததும் போகிற கோளாறு வேறு ரகம், அது கப்ளரில் ஈரம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மாதிரி நேரத்தில் பம்பர் மட்டத்துக்குத் தண்ணீரில் நின்ற வண்டிகளில் இதை எதிர்பார்க்கலாம். தண்ணீர் இறங்கியும் உப்பும் சேறும் கப்ளருக்குள் தங்கி, செம்புப் பின்னில் பச்சைக் களிம்பு பிடிக்கும், மாதங்கள் கழித்துத்தான் கோளாறு காட்டும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, கப்ளரைப் பிரித்து, கான்டாக்ட் கிளீனர் அடித்து, நன்றாகக் காயவிட்டு, சிலிக்கான் கிரீஸ் கொஞ்சம் வைத்து மூடுங்கள். பின் அரித்துப் போயிருந்தால் கப்ளரையே மாற்ற வேண்டும். ஒயரைப் பார்க்கும்போது எலி, பெருச்சாளி கடித்த தடம் இருக்கிறதா என்றும் தேடுங்கள். முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு இந்தக் காற்றுக்குத் தாங்காது, சால்டர் வைத்து ஹீட் ஸ்லீவ் போடச் சொல்லுங்கள்.

மாற்றி மாட்டிப் பார்க்கும் சோதனை

ஒரு சென்சார்மேல் மட்டும் சந்தேகம் வந்தால் இதைவிட நல்ல சோதனை கிடையாது. வெளி செட்டில் கன்ட்ரோல் பாக்ஸின் துளைகளில் ஏ, பி, சி, டி என்று ஆங்கில எழுத்து போட்டிருக்கும். முதலில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சந்தேகத்துக்குரிய ஒயரை 'பி'யிலிருந்து எடுத்து 'சி'யில் போடுங்கள், 'சி'யில் இருந்ததை 'பி'யில். இப்போது கோளாறும் 'சி'க்குப் போய்விட்டால் சென்சாரோ அதன் ஒயரோ கெட்டது. 'பி'யிலேயே நின்றால் பாக்ஸ் கெட்டது. மல்டிமீட்டரில் ஓம் வைத்து இந்த இரண்டு ஒயர் சென்சாரை நல்லதா கெட்டதா என்று சொல்ல முயல வேண்டாம், பீசோ வில்லையில் அந்த அளவு எதையும் நம்பகமாகச் சொல்லாது. கம்பெனி சென்சாருக்குப் பெரும்பாலும் மூன்று ஒயர், அதற்கு சர்வீஸ் சென்டரின் ஸ்கேனர்தான் சரி. வண்டியின் கோளாறு கோடுகளைப் படிக்கும் மலிவான ஓபிடி கருவிகள் பல எஞ்சின் கோளாறை மட்டுமே படிக்கும்.

கெட்டது ஒன்றுதான் என்றால் ஒன்றை மட்டும் மாற்றலாம். ஆனால் அதே கம்பெனி, அதே மாடல், அதே அளவாக இருக்க வேண்டும், அதனால் பழையதைக் கையில் எடுத்துக்கொண்டே கார் சாமான் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோட்டுக்குப் போங்கள். வெளி செட்டில் தனி சென்சார் கிடைக்காவிட்டால் முழு செட் வாங்குவதே மேல், வேறு கம்பெனி சென்சாரை ஒட்டுப்போட்டால் பாக்ஸ் அதைப் புரிந்துகொள்ளாது. பழைய ஓட்டையின் விட்டத்தை அளந்துகொண்டு போங்கள், 22 மில்லிமீட்டர் ஓட்டைக்குச் சின்ன சென்சார் வாங்கி வந்தால் அது ஆடும்.

வேலை முடிந்ததும் சோதனை ஓட்டம்

பணம் கொடுப்பதற்கு முன்பே இதைச் செய்யுங்கள். 20 லிட்டர் தண்ணீர் கேனை இரண்டு, மூன்று செங்கல் மேல் ஏற்றி, ஒவ்வொரு சென்சாருக்கும் நேர் பின்னால் ஒன்றரை மீட்டரில் வைத்து, ஒருவர் கேனை மெல்ல மெல்ல வண்டிப் பக்கம் நகர்த்தட்டும், வண்டி அசையவே வேண்டாம். பீப் எங்கே தொடங்குகிறது, எங்கே விடாத சத்தமாகிறது என்று டேப்பால் அளந்து, கையேட்டில் உள்ள தூரத்தோடு ஒப்பிடுங்கள். இடமும் வலமும் ஏறக்குறைய ஒரே தூரத்தில் பேச வேண்டும்.

அப்புறம் அதே இடத்தில் ஒரு மெல்லிய கம்பி, தொங்கும் கயிறு, குவித்த மீன் வலை, தாழ்வான நடைபாதைக் கல், இடுப்புக்கு மேலே மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும் பலகை என்று ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள். சிலவற்றுக்கு உங்கள் சென்சார் வாயே திறக்காது. மெல்லியது ஒலியைத் திருப்பி அனுப்பாது, மென்மையானது உறிஞ்சிவிடும், தாழ்வானதும் உயரமானதும் அதன் வீச்சுக்கு வெளியே. தரையில் குந்தி விளையாடும் சின்னக் குழந்தையும் இந்தக் கணக்கில் வரலாம். எதற்கெல்லாம் பேசவில்லையோ அதை வீட்டில் அந்த வண்டியை ஓட்டுகிற எல்லோருக்கும் நேரிலேயே காட்டுங்கள், புதிதாக ஓட்டக் கற்றுக்கொள்கிற பிள்ளை இருந்தால் முதலில் அவனுக்கு.